கணேசலிங்கம் அண்ணையின் ஜெர்மன் ரின்

நான் யாரையும் இலகுவில் நம்புகிற ஆள் இல்லை. லண்டனில் யாராவது கதவைத் தட்டினால் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். கணேசலிங்கம் அண்ணைக்கு இதற்கு நேரெதிரான வியாதி. எவன் என்ன சொன்னாலும் ‘ஓம் ஓம்’ என்று தலையாட்டுவார். ‘யாக்கோப்பு, உனக்கு உன்ர நிழலிலயே சந்தேகமடா’ என்று என்னைச் சீண்டுவார். நானும் விடமாட்டேன். ‘உங்களை ஒருத்தன் வித்துப்போட்டுப் போனாலும் கைகாட்டி வழியனுப்புவியள்’ என்பேன்.

அண்ணை ஊரில், புன்னாலைக்கட்டுவனில், புகையிலைத் தோட்டம் வைத்த மனிதர். எண்பத்தேழில் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, இல்ஃபோர்ட்டில் ஒரு பெற்றோல் செற்றில் காஷியராக நின்றார். மனைவி சிவமலரும் மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் இருந்தார்கள். ஹோம் ஒஃபிஸ் அண்ணைக்கு அகதி அந்தஸ்துக் கொடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போ என்கிற மாதிரி ஒரு கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தோடு சில வருடங்கள் குழப்படியில்லாமல் இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். தொண்ணூற்று மூன்றில் அவர் விண்ணப்பம் போட்டார். அந்த விசாவைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

என் நிலைமை அதைவிட மோசம். எனக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை. அண்ணை தன் நஷனல் இன்ஷூரன்ஸ் நம்பரை எனக்குத் தந்தார். நம் ஆட்களிடையே அது அப்போது சர்வசாதாரணம். ஒரு நம்பரில் இரண்டு மூன்று பேர் வேலை செய்வார்கள். செவ்வாயும் ஞாயிறும் நெஞ்சில் ‘கணேசலிங்கம்’ என்ற பட்டியைக் குத்திக்கொண்டு அதே செற்றில் நான் நிற்பேன். ஒரு சதமும் கேட்காமல் தந்தார். சும்மா தருகிற மனிதனா, உள்ளுக்குள் ஏதோ இருக்கிறது என்று ஆறு மாதம் அவரை நோட்டம் பார்த்தேன். ஒன்றுமே இருக்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த மாரியில், பட்டப்பகலில் இரண்டு பேர் பேஸ்போல் மட்டையோடு செற்றுக்குள் வந்து அண்ணையின் தோளில் ஒன்று போட்டுவிட்டுக் காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமை கை தூக்க ஏலாமல் இருந்தார். அப்போதுதான் சிவமலரின் தம்பி யோகராஜா ஜெர்மனியிலிருந்து வந்தான். பெட்டி நிறையச் சொக்லேற், ஷாம்பூ, காப்பித்தூள். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு சின்னத் தகர ரின்னை எடுத்து அத்தானின் கையில் வைத்தான். தலையை அமத்தினால் கண்ணெரிக்கிற வாயு பீச்சும்.

“அத்தான், இனி எவனும் வந்தா மூஞ்சையைப் பாத்து அடியுங்கோ. எங்கட நாட்டில இது கடையிலயே விக்கிறாங்கள். பெண்டுகள் ஹான்ட்பாக்கில வச்சுக்கொண்டு திரியினம்.”

ஜெர்மனியை ‘எங்கட நாடு’ என்றான் பாருங்கள். அந்த நேரம் சோபாவில், அண்ணைக்குப் பக்கத்தில், வாயில் அவனுடைய சொக்லேற்றோடு நான் இருந்தேன். ‘இங்க இதுக்குச் சட்டம் என்னவோ தெரியாது’ என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கே விற்கிற சாமான் இங்கே குற்றமாகுமா என்று யோகராஜா கேட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அண்ணையின் வீட்டு மேல்மாடி அறையில் கிறிஸ்துநாயகம் என்றொருவன் வாடகைக்கு இருந்தான். முப்பத்தைந்து வயது, பகலில் நித்திரை, கேட்டால் ‘பிஸ்னஸ்’. கட்டிலுக்கடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி வைத்திருந்தான். அவனைக் கண்ட நாளே ‘இவனை வீட்டை விட்டு எழுப்புங்கோ அண்ணை’ என்றேன். ‘அவனும் எங்களைப்போல வந்தவன்தானே’ என்றார். ஒருநாள் அவன், கனடாவில் தமையனுக்குச் சுகமில்லை, போய்விட்டு ஒரு மாதத்தில் வருகிறேன், மேலே கொஞ்சம் மருந்துச் செடிக் கண்டு நிற்கிறது, தண்ணீர் விடுங்கள் என்று அறைத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். அறைக்குள் பன்னிரண்டு சாடி, மேலே பெரிய லைற்.

மூன்றாம் நாளே அண்ணைக்கு மணத்தில் கஞ்சா என்று விளங்கிவிட்டதாம். பிறகு என்னிடம் சொன்னார். எனக்குத் தலை வெடித்தது.

“விளங்கினபிறகும் ஏன் அண்ணை தண்ணி விட்டனீங்கள்? தூக்கி எறியிறதுக்கென்ன?”

“கண்டு என்னடா பிழை செய்தது? வாடிப்போய் நிண்டுது.”

தண்ணீர் மட்டும் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புகையிலை வைத்த கை சும்மா இருக்குமா! நுனி கிள்ளினார். பக்கத்துளிர் ஒடித்தார். பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார். எந்தச் சாடிக்கு எப்போது தண்ணீர் என்று கோயில் கலண்டரில் ஒவ்வொரு நாளும் சரி போட்டு வைத்தார். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுப் பையோடு நேரே மேலே ஏறுவார். பையிலிருந்த ஜெர்மன் ரின் இடைஞ்சலாக இருக்க, அதை எடுத்து ஜன்னல் விளிம்பில், தண்ணீர்ப் பூவாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அப்படியே மறந்தும் போனார்.

பக்கத்து வீட்டுக்காரி மணத்தைப் பற்றி முறையிட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு காலை பொலிஸ் வந்தது. கண்டு, கலண்டர், ரின் எல்லாவற்றையும் படமெடுத்தார்கள். கட்டிலுக்கடியில் கிடந்த கத்தியையும் இழுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குள் கத்தி வைத்திருப்பது குற்றமில்லையாம். பழையபடி உள்ளே தள்ளிவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ரின்னைத்தான் உறைக்குள் போட்டு முத்திரை வைத்து, அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கிறிஸ்துநாயகம் கனடாவிலிருந்து திரும்பவேயில்லை. தமையன் என்று ஒருவன் இருந்தானோ என்பதே எனக்குச் சந்தேகம்.

பொலிஸ் விசாரணையில் அண்ணை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கண்டுகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, அந்த ஆள் கைதேர்ந்தவன் போலும் என்று பொலிஸ்காரன் சொல்லியிருக்கிறான். அதற்கு இந்த மனிதர், “அவனோ? அவன் ஒண்டும் தெரியாத பேயன். வேர் அழுக அழுகத் தண்ணி ஊத்தி வச்சிருந்தவன். நான்தான் கிள்ளித் துளிர் முறிச்சு இந்த நிலைக்குக் கொண்டந்தனான்” என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல்லும் தவறாமல் இங்கிலீசில் சொல்லியிருக்கிறார். ஒலிநாடாவில் பதிவாகிவிட்டது. தோட்டக்காரன் தன் பயிரை இன்னொருவன் பெயருக்கு விடமாட்டான். ஐயோ, அந்தப் பெருமையைக் கொண்டுபோய் அடுப்பில் போட!

பிணையில் விட்டபிறகு சொலிசிற்றரிடம் போகும்போது மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் என் பெயரைக் கேட்டபோது நான் வேறொரு பெயரைச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். உள்ளே பரிஸ்டர் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் விளங்கப்படுத்தினாள். பன்னிரண்டு கண்டு, முதல் குற்றம், ஒப்புக்கொண்டால் சம்பளமில்லாத வேலை கொஞ்சம் செய்யச் சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் வாயு பீச்சுகிற ரின் இந்த நாட்டில் தடைசெய்த ஆயுதம். அது துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகிறது. ஜெர்மனியில் அது பெண்களின் ஹான்ட்பாக்குச் சாமான். கடலைத் தாண்டினால் துப்பாக்கி. அது கஞ்சாவுக்குப் பக்கத்தில் இருந்தபடியால், பயிருக்குக் காவலாக ஆயுதம் வைத்திருந்தான் என்று அரசதரப்பு சொல்லும். நீதிபதி அதை நம்பினால் ஜெயில். ஜெயில் என்றால் விசா இல்லை.

“கண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பெற்றோல் செற்றுக்காகத்தான் தந்தது எண்டு தந்த ஆள் ஒரு கடிதம் தந்தாப் போதுமாம்” என்று அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

அன்று பின்னேரமே அண்ணை யோகராஜாவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவனுடைய குரல் வெளியே கேட்டது.

“அத்தான், நான் இங்க சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். ஆயுதம் கடத்தினவன் எண்டு லண்டன் பொலிஸ் இஞ்சை எழுதினா என்ர கதை முடிஞ்சுது. நான் உங்களுக்கு ஒண்டும் தரேல்லை. சொக்லேற் மட்டும்தான் கொண்டந்தனான்.”

அதோடு நின்றானா? தமக்கை சிவமலருக்கும் கடிதம் போட்டான். அத்தான் கஞ்சா வளர்த்திருக்கிறார், துப்பாக்கி, துவக்கு என்று கேசும் இருக்காம், தன்னையும் இழுத்து விடப் பார்க்கிறார் என்று. அதற்குள் ஃபாரஸ்ட் கேட்டிலும் கதை கிளம்பிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் ‘துப்பாக்கிக் குற்றச்சாட்டு’ என்று நாலு வரி வந்தது. ஒரு தமிழன், ஒரு துப்பாக்கி. மிச்சத்தை எங்கள் சனம் தானே எழுதிக்கொண்டது. ‘ஆள் முந்தி இயக்கத்தில பெரிய கையாம்’ என்றார்கள். ‘இல்லை, இது இந்திய ஆமிக்கு ஆள் காட்டின கை’ என்றது இன்னொரு வாய். பலசரக்குக் கடைக்காரர் அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவார். அவரோடு தெருவில் நடக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

இரண்டாம் தடவை பரிஸ்டரிடம் போனோம். கடிதம் கிடைக்காது என்றதும் அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, ரின்னைக் கொடுத்தபோது அந்த அறையில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்கச் சொன்னாள். நான் தமிழில் கேட்டேன்.

அண்ணை யோசிக்கவே இல்லை. “நீதானே இருந்தனி. சொல்லன்” என்றார்.

கோர்ட்டில் ஏறினால் பெயர் கேட்பார்கள். வேலை எங்கே, யாருடைய நம்பரில் என்று கேட்பார்கள். என்னுடைய அகதி மனு அப்போதுதான் ஹோம் ஒஃபிசில் கிடந்தது. அந்தப் பெண்ணே பொலிசுக்கு ஆள்காட்டியாக இருந்தால்? அண்ணை தான் தப்ப என்னை மாட்டிவிடுகிறாரோ? ஆம், அந்த நேரத்தில் அவரைக்கூடச் சந்தேகப்பட்டேன். நான் பரிஸ்டரின் பக்கம் திரும்பி, “நோபொடி” என்றேன்.

ஆறு வருடம் காஷியராக நின்ற மனிதருக்கு அந்த ஒரு சொல் விளங்காதா? என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். பஸ்ஸில் வரும்போது, “பசிக்குதோடா?” என்று மட்டும் கேட்டார்.

பதினைந்து மாதம் தீர்ப்பாயிற்று. பயிரை ஆயுதத்தோடு காத்தவர் என்றுதான் நீதிபதி சொன்னாராம். நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஜெயிலுக்குப் பார்க்கவும் போகவில்லை. அங்கேயும் வாசலில் பெயர் கேட்பார்கள். ஃபாரஸ்ட் கேட்டை விட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் எனக்கு அனுமதியும் சொந்த நம்பரும் கிடைத்தன. சந்தோஷமாகவா இருந்தேன்? சோறு இறங்கவில்லை.

பாதித் தண்டனையோடு அண்ணையை விட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தால் அண்ணை. மெலிந்து, தலை முழுக்க நரைத்துப் போய் நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். ‘எப்படியடா இருக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ஹோம் ஒஃபிஸ் கடிதம். வாசித்துச் சொல்லச் சொன்னார். சிவமலருக்கும் மகளுக்கும் விசா மறுப்பு. காரணமாகத் துப்பாக்கிச் சட்டத்தைத்தான் எழுதியிருந்தார்கள். கண்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான்.

“அண்ணை, அண்டைக்கு நான்...” என்று தொடங்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அதை விடு. எனக்குத் தெரியும், உன்ர பயம் உனக்கு. விசா போனாப் போகட்டும், திரும்பப் போடலாம்” என்றார். பிறகு ரெலிபோனைக் காட்டினார். “எனக்கு ஒரு உதவி செய். சிவமலருக்கு எடுத்து, அவளின்ர தம்பிதான் அதைத் தந்தவன், நீ கண்ணால பாத்தனி எண்டு சொல்லு. அவள் என்னோட கதைக்கிறாளில்லை. பிள்ளையையும் கதைக்க விடுறாளில்லை. நான் துவக்குத் தூக்கினவன் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள்.”

கொழும்புக்கு எடுத்தேன். சிவமலர் அக்காதான் பேசினார். என் பெயரைச் சொன்னேன், என் உண்மையான பெயரை. சோபா, சொக்லேற், ரின், யோகராஜா சொன்ன கதை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

“பக்கத்தில இருந்து பாத்தனீரெண்டா, ஏன் கோர்ட்டில சொல்லேல்லை?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

“இப்பிடிச் சொல்லச் சொல்லி அவர் உமக்கு என்ன தந்தவர்?”

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னவாம்? நம்புறாளாமோ?” என்று கேட்டார். நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன். அவர் அதைக் காதில் வைத்து, “சிவா... சிவா...” என்று கூப்பிட்டார். அங்கே லைனைக் கட் பண்ணியிருந்தார்கள்.