சங்கிலி எங்கே என்று கேட்பவர்களுக்கு

தனலட்சுமி போய்விட்டாள் என்று அவள் மகள் தொலைபேசியில் சொன்னதும் போட்டது போட்டபடி கிருமாம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். வாசலில் ஓர் உறவுக்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தார்: "கழுத்துல வெறும் கயிறுதான் கெடக்கு. சங்கிலிய யாரு கழட்டினது?"

இத்தனை வருடம் கழித்தும் இந்த ஊருக்கு அதே கேள்வி.

எண்பதுகளில் காலை பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்கு அவளைத் தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்கு, அவள் டி.வி. கம்பெனிக்கு. சேலையில் எப்போதும் சால்டரிங் புகை வாடை இருக்கும். மருமகள் டி.வி. செய்கிறாள் என்பதில் மாமியாருக்குப் பெருமை. வந்ததும் வராததுமாக அவள் மாவாட்ட உட்காரவில்லை என்றால் கோபம். நின்றுகொண்டே உட்கார் என்று வகுப்பில் ஒரு பிள்ளையிடம் நான் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். அவளிடம் தினமும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒரு வருடம் அவளை டெஸ்டிங் பிரிவுக்கு உயர்த்தினார்கள். பின்மூடி கழற்றிய பெட்டியில் கரண்ட் ஓடும்போதே குனிந்து பார்க்கிற வேலை. கழுத்திலிருக்கும் தாலிச் சங்கிலி உள்ளே உரசினால் உயிர் போய்விடும். அதனால் சங்கிலியோடு அங்கே விடமாட்டார்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்கிறேன் என்றாள். மாமியார் மறுத்துவிட்டார். சங்கிலியை அடகு வைத்துவிட்டோம் என்று ஊர் பேசுமாம். கணவரோ, இவ்வளவு தொல்லைக்கு வேலையையே விட்டுவிடு என்றார். ஷாக் அடிப்பதைவிட ஊர் பேசுவது அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. நன்றாகச் சண்டை போடேன் என்று பஸ்ஸில் அவளைத்தான் கடிந்துகொண்டேன்.

"சண்ட போட்டா, வேலைக்குப் போறதாலதான் வாய் நீளுதுன்னுவாங்க டீச்சர்."

ஆடிப்பெருக்கு வந்தது. பெண்கள் தாலிக்கயிறு மாற்றும் நாள். தெருப் பெண்கள் எல்லோரும் கூடியிருக்க, தாலியைப் புதுக் கயிற்றில் கட்டிக்கொண்டவள், சங்கிலியை மாமியார் கழுத்தில் போட்டாள்.

"யாராவது கேட்டா காட்டுங்க அத்த. வூட்டுலயேதான இருக்கு."

அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து முந்தானையை ஒதுக்கிவிட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனார். தனலட்சுமி டெஸ்டிங்கில் உட்கார்ந்தாள். மாவாட்டுவது மட்டும் கடைசிவரை அவள் தலையில்தான்.

கம்பெனியை மூடிய பிறகும் அவள் சங்கிலிக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கழுத்து லேசா இருக்கு டீச்சர்" என்றாள்.

அந்த உறவுக்காரம்மாவிடம் சொன்னேன்: "அவளேதான் கழட்டினா. எல்லாரும் பாக்கத்தான் கழட்டினா."

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஆடி மாதக் காலைதான். உங்களிடமும் யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள்.