படம் மூன்றில் இருந்த இருட்டு

கல்லூரி வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இடுக்கி வைத்தாற்போல ஒரு கடை. உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்டூல், அந்த ஸ்டூலில் உட்காரவே உட்காராத ஒரு பெண்மணி. கல்லூரி முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் தயாராக நிற்கும். தாளைக் கசக்கிக் கொண்டுவந்தால் திட்டு. பின்னைக் கழற்றாமல் நீட்டினால் திட்டு. "சீக்கிரம்க்கா" என்று சொன்னவன் அன்றைக்குக் கடைசி ஆள். அப்படியும் வருடா வருடம் புதுப் பிள்ளைகள் அவரிடமே வந்து நின்றார்கள் என்றால் அதற்குக் காரணம் ஹியூமா நோட்ஸ்.

அந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் வருடம் 'ஹியூமானிட்டீஸ் அறிமுகம்' கட்டாயப் பாடம். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தத்துவம், கொஞ்சம் நாடகம், கொஞ்சம் ஓவியம். கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அது வேண்டா விருந்தாளி. துறைத்தலைவர் எந்தக் காலத்திலோ எழுதிய குறிப்புகளை அவரே அக்காவிடம் கொடுத்து, "பசங்க கேட்டா போட்டுக் குடுங்கம்மா" என்று சொல்லியிருந்தார். அதை நெட்டுருப் போட்டால் பாஸ். கேள்வியும் அதிலிருந்துதான் வரும். அக்கா பிரதி எடுத்தார், பிரதியிலிருந்து பிரதி எடுத்தார். வியாபாரம் ஓகோவென்று நடந்தது.

அந்த வருடம் அந்தப் பாடத்தை எடுக்க ஜூனியர் ஆசிரியையாக ஒரு புது மேடம் வந்தார். வந்த வாரமே கடையில் ஈ ஓட்டும்படி ஆனது.

"நோட்ஸ் வேணாம்க்கா. அதை வச்சிருந்தா மேடம் வாங்கி வச்சுக்கறாங்க. சொந்தமா யோசிச்சு எழுதணுமாம்" என்றாள் பிளாஸ்க் என்று பட்டப்பெயர் வாங்கிய முதல் வருட மாணவி. எங்கே போனாலும் வெந்நீர்க் குடுவையோடு போகிற பெண்.

"சொந்தமாவா? அதையும் நீங்களே செஞ்சுட்டா அவங்க எதுக்கு?"

கேட்டுவிட்டு அக்கா சும்மா இருக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினார், நோட்ஸ் ஒன்றை அக்குளில் இடுக்கினார், ரோட்டைக் கடந்தார். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்ற முடிவோடு வகுப்பு வாசலில் போய் நின்றார்.

"நீங்கதான் புது மேடமா? என் நோட்ஸ் உங்களை என்ன பண்ணுச்சு?"

சின்ன வயசுதான் மேடத்துக்கு. கையில் ரிமோட், தோளில் பை. பயப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"உள்ள வாங்கக்கா. உங்க நோட்ஸ்ல படம் மூணுன்னு ஒண்ணு இருக்கே, இன்னிக்கு அதைத்தான் பாக்கப் போறோம். பாத்துட்டுத் திட்டுங்க."

அக்கா கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படம் மூன்று அவருக்கு மனப்பாடம். ஒரு பெண் வாசலில் நிற்பாள், கையில் கூடை, அவளைச் சுற்றி ஒரே கறுப்பு. கீழே குறிப்பு: 'பின்னணியில் உள்ள அடர்ந்த இருள் அப்பெண்ணின் தனிமையையும் நிராசையையும் குறிக்கிறது.' பத்து மதிப்பெண் கேள்வி. எந்த வருடமும் தவறியதில்லை.

மேடம் விளக்கை அணைத்தார். சுவரில் படம் விழுந்தது.

பச்சை. சுவர் முழுக்கப் பச்சை. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு பழத்தோட்டம். ஏணியில் ஏறி நிற்கும் ஆண்கள், பாவாடையில் பழம் ஏந்தும் சிறுமிகள், கிளையில் தொங்கும் ஒரு பையன், அவன் காலைப் பார்த்துக் குரைக்கும் நாய். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள். பின்னால் யாரோ ஏதோ வம்பாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "இருட்டு எங்க மேடம்?" என்று எவனோ கத்தினான்.

அக்காவின் காது சிவந்துவிட்டது. இருட்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பச்சையும் சிவப்பும் மிஷினுக்குள் போனால் கறுப்பாகத்தான் வெளியே வரும். சரி, பசங்க குறை சொல்லப் போகிறார்கள், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். மிஷின் கறுப்பாக்கியது, வாஸ்தவம். ஆனால் தனிமை, நிராசை என்று மிஷினா எழுதியது? கையிலிருந்த நோட்ஸைப் புரட்டினார். அந்த வரி துறைத்தலைவரின் கையெழுத்தில், முதல் பிரதியிலிருந்தே இருக்கிறது. அப்படியானால் அவரும் ஏதோ ஒரு கறுப்புத் தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எழுந்து நின்றார்.

"இத்தனை வருஷமா பசங்க இருட்டுன்னு எழுதினாங்களே, அதுக்கு முழு மார்க் போட்டது யாரு மேடம்? ஒருத்தர்கூட இந்தப் படத்தைப் பாக்கலையா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் விளக்கைப் போட்டார்.

"எனக்கும் அதே கேள்விதான்க்கா. கேட்டா பதில் சொல்ல ஆளில்லை."

சொல்ல ஆளில்லையா? அக்கா விடுவிடுவென்று துறைத்தலைவர் அறைக்குப் போனார். அவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், படம் மூணுல இருட்டே இல்லை சார். தோட்டம் இருக்கு. அந்தப் பொண்ணு சிரிக்கிறா."

அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "சரி, இருந்துட்டுப் போகட்டும். கேள்விக்கு விடை இருக்கு, பசங்க பாஸாகறாங்க. முதல் வருஷப் பாடம்மா இது. யாரு இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கப் போறாங்க?"

"பொய்யைச் சொல்லிக் குடுத்துட்டு மறந்துடுவாங்கன்னா சொல்றீங்க? சிரிச்சிட்டு இருக்கிறவளை அழுமூஞ்சி ஆக்கிட்டீங்களே! அவ உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா விடுவீங்களா?"

தலைவர் டப்பாவை மூடினார். "அதிருக்கட்டும். நீங்க கடைக்காரங்க. வகுப்புக்குள்ள யாரு விட்டது?"

வாய் தவறி அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். அது வினையாயிற்று. மறுநாளே மேடத்துக்கு ஓலை வந்தது: வெளியாளை வகுப்பில் உட்கார வைத்தது ஏன்? அந்த வாரக் கடைசியில் முதல் வருடப் பாடத்தை அவரிடமிருந்து பிடுங்கி, நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் சீட்டு ஒட்டும் வேலையில் போட்டார்கள். பாடத்தைத் தலைவரே எடுத்துக்கொண்டார். பழைய நோட்ஸ் பழையபடி வேண்டுமென்று கடைக்கு ஆளும் அனுப்பினார்.

"இந்த மிஷின்ல அது ஏறாதுன்னு போய்ச் சொல்லு" என்றார் அக்கா.

அதோடு நின்றாரா? மேடத்திடம் படத்தை வாங்கி, வெளியே கொடுத்துக் கலரில் பெரிதாக அடித்துக் கடை முகப்பில் ஒட்டினார். ஒட்டிய சூட்டோடு பிள்ளைகள் நோட்ஸுக்கு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அங்கே இன்னும் கறுப்பாக வந்தது. அவருடைய வீட்டுக்காரர் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுபவர், பேச்சையும் வெட்டித்தான் பேசுவார். "உனக்கெதுக்கு வம்பு?" என்றார். "வம்பு என் கடையில அடிச்ச தாள்லதான் இருக்கு" என்றார் அக்கா. அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

பரீட்சை வந்தது. கேள்வி: 'படம் மூன்றில் உள்ள இருளின் குறியீட்டை விளக்குக.' பிளாஸ்க், பாவம், கண்ணால் கண்டதை எழுதினாள். இருள் இல்லை, தோட்டம் இருக்கிறது, அவள் சிரிக்கிறாள் என்று இரண்டு பக்கம். பூஜ்யம் போட்டார்கள். அந்தப் பத்து போனதில் பாடமே போயிற்று. கண் வீங்க அழுதுகொண்டு அவள் கடைக்கு வந்தபோது அக்கா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. முகப்பில் ஒட்டியிருந்த படத்தைக் கிழியாமல் உரித்துச் சுருட்டினார். "நட" என்றார்.

பரீட்சை அலுவலகத்தில் நாலைந்து மேசைக்கு அலைக்கழித்தார்கள். இவங்க யாரு, அம்மாவா, காப்பாளரா என்று கேட்டார்கள். "படம் பாத்தவ" என்றார் அக்கா. கடைசியில் பரீட்சை அதிகாரியின் மேசைமேல், பைல்களுக்கு மேலேயே, படத்தை விரித்தார்.

"இதுல இருட்டு எங்கன்னு விரல் வச்சுக் காட்டுங்க சார். காட்டிட்டா நாங்க போயிடறோம்."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். "அழகா இருக்கே, யாரு வரைஞ்சது?" என்றவர், பிறகு என்ன நினைத்தாரோ, "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்" என்று முடித்துக்கொண்டார்.

பார்க்கத்தான் செய்தார்கள். அந்தக் கேள்வி ரத்து என்றும் எழுதிய எல்லாருக்கும் பத்து மதிப்பெண் என்றும் பலகையில் ஒட்டினார்கள். பிளாஸ்க் பாஸ். இருட்டு என்று எழுதியவனுக்கும் பத்து, ஒன்றும் எழுதாதவனுக்கும் பத்து. தவறு என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அடுத்த வருடப் பாடத்திட்டம் வந்தபோது ஓவியம் என்ற பகுதியே காணாமல் போயிருந்தது. தலைவர் தலைவராகவே இருந்தார்.

அக்கா கொதித்துப் போய் மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் அதற்குள் வேறு ஊரில், வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தார்.

"பொய்யை எடுக்கச் சொன்னா படத்தையே எடுத்துட்டாங்க மேடம்!"

மறுமுனையில் மேடம் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க மேடம், எனக்கு வயிறு எரியுது. அது கிடக்கட்டும், இன்னொண்ணு கேக்கணும். அதே நோட்ஸ்ல படம் ஏழுல ஒரு சிலை இருக்கு. அந்தக் கால மக்கள் முகமில்லாத கடவுளைக் கும்பிட்டாங்கன்னு கீழ எழுதியிருக்கு. அதுக்கு நிஜமாவே முகம் இல்லையா, இல்ல அதையும் என் மிஷின்தான் தின்னுருச்சா?"