முதுகு பட்ட வெற்றி

என் கண் வீங்கியிருக்கிற நாட்களில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரர் கார்த்தியைத்தான் பார்க்கிறார்கள். செம்பவாங்கில் ஏறி, ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் நாலு பேராவது அவரைக் கண்ணாலேயே போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு சீனப் பெண்மணி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காலியாக இருந்த அடுத்த இருக்கையில் இவர் உட்கார்ந்துவிடாதபடி காய்கறிப் பையைத் தூக்கி வைத்தார். கார்த்தி யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். ஹோட்டலில் காபி ஆறிப்போய் வந்தால்கூடப் பேசாமல் குடித்துவிட்டு வருகிறவர். கூச்சத்தில் தலையைக் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பிப்பார். குற்றம் அத்தோடு உறுதியாகிவிடும்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கிற கிளினிக்கில் இது உச்சத்துக்குப் போனது. ஒரு மருத்துவப் படிவத்தில் டாக்டரின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், வீங்கித் தடித்த காதைப் பார்த்தார், கார்த்தியை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு மெல்லிய குரலில், இங்கே நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, யார் அடிப்பது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஷாமினி. எவ்ரி டியூஸ்டே, எவ்ரி தர்ஸ்டே" என்றேன். உங்கள் கணவருக்குத் தெரியுமா என்றார். தெரியும், அவர்தான் கொண்டுபோய் விடுகிறார் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம்தான் படிவத்தை நீட்டினேன். எம்எம்ஏ போட்டியில் கலந்துகொள்ள உடல்தகுதிச் சான்று. குத்து, உதை, மல்யுத்தம், கழுத்தை இறுக்குவது எல்லாம் சேர்ந்த சண்டை. கம்பி வலைக் கூண்டுக்குள் நடப்பது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "யூ?" என்றார். அவர் முதலில் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். இந்த "யூ?"தான் என்னைக் கொதிக்க வைத்தது. அடி வாங்குகிறவளாக என்னைக் கற்பனை செய்ய அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அடிக்கிறவளாகக் கற்பனை செய்ய, படிவம் கையில் இருந்தும் முடியவில்லை.

சேலத்தில் கல்லூரியில் படித்தபோது நான் மல்யுத்தம் ஆடினேன். ஐம்பத்தேழு கிலோ பிரிவு. நன்றாக ஆடினேன், இதில் எனக்கு அடக்கம் கிடையாது. அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். மல்யுத்தத்தில் அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: இரண்டு தோளும் சேர்ந்து விரிப்பில் பட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. எங்களுக்கும் முதல் பாடம் அதுதான். யார் தூக்கிப் போட்டாலும் மல்லாக்க விழக்கூடாது, குப்புறப் புரண்டுவிட வேண்டும். மூன்று வருஷம் புரண்டு புரண்டு, தூக்கத்தில் தள்ளிவிட்டால்கூட வயிற்றில்தான் விழுவேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அப்பா லீவு போட்டு நேரில் வந்து பார்த்தது ஒரே ஒரு போட்டி. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற கடைசிச் சுற்று. எதிரில் நின்றவள், தேர்வுக்குழு மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பயிற்சி எடுத்தவள். அவள் என்னைச் சாய்த்தாள். இடது தோள் பட்டது. வலது தோள் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஓரத்திலிருந்து அப்பா, "புரளு கண்ணு, புரளு" என்று கத்துகிறார், நானும் புரள்கிறேன், அதற்குள் நடுவர் விரிப்பைத் தட்டிவிட்டார். அவள் கையைத் தூக்கினார்கள். நான் கேள்வி கேட்டேன். பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று மேஜையிலிருந்து பதில் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசியது ஒரே வாக்கியம்: "ஒரு தோள்தான் பட்டுச்சு."

எட்டு வருஷமாகப் பட்டறையில் அவர் சொல்லிக்கொண்டிருப்பதும் அதன் தொடர்ச்சிதான். "என்ற பொண்ணு முதுகு தரையில பட்டதே இல்ல." எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரே ஒரு தடவை, ஒரு நடுவர் என் கையைத் தூக்க வேண்டும், அதை அப்பா பார்க்க வேண்டும். சின்ன ஆசை என்று சிரிக்கலாம். அந்தச் சின்ன ஆசையைத் தட்டிப் பறித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆவணங்கள் சரிபார்க்கிற வேலை. இரண்டு வருஷம் உடம்பு சும்மா இருந்தது. பிறகு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இந்த எம்எம்ஏ கூடத்தைக் கண்டுபிடித்தேன். கீழே பூக்கடை, மேலே வியர்வை நாற்றம். ஊரில் அரைக்கால் சட்டையோடு மைதானத்துக்கு நடந்தால் தெருவே பார்க்கும். இங்கே அதே சட்டையோடு சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து போகலாம், ஒரு தலை திரும்பாது. முதல் மாதம் அது எனக்கு விடுதலையாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இவர்கள் கண்ணில் நான் படவே இல்லை. முகம் வீங்கினால்தான் படுகிறேன்.

கூடத்தில் முதல் வாரமே பெயர் வாங்கிவிட்டேன். காலைப் பிடித்துத் தூக்கிப் போடுவதில் அங்கே எனக்கு நிகர் யாருமில்லை. இரண்டாவது வாரம் ஷாமினி வந்தாள். பெண்களுக்குச் சொல்லித்தருகிறவள், என்னைவிட ஐந்து வயது சின்னவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தாவின் அப்பா செம்பவாங் கப்பல்பட்டறையில் வேலைக்கு வந்தவராம். அவளையும் தூக்கிப் போட்டேன். அவள் விழுந்த வேகத்தில் காலைச் சுற்றி என்னைக் கவிழ்த்தாள். நான் வழக்கம்போல் குப்புறப் புரண்டேன். அடுத்த நொடி அவள் என் முதுகில் இருந்தாள், அவள் கை என் கழுத்தில் இருந்தது. மூச்சு நின்றது. தோற்றேன் என்பதற்கு அடையாளமாக அவள் கையைத் தட்டினேன். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி புரண்டேன், மறுபடி தட்டினேன். அன்று மட்டும் பதினொரு தடவை.

"அக்கா, நீங்க தூக்கிப் போடுற டேக்டவுன் செம்ம லா. ஆனா கீழ விழுந்தா ஏன் எனக்கு முதுகக் கொடுக்கிறீங்க?"

"கொடுக்கலைன்னா தோள் பட்டுடும். தோத்துடுவேன்."

"இங்க தோள் பட்டா ஒண்ணும் இல்ல. மல்லாக்க படுத்தா யூ கேன் ஸ்டில் ஃபைட். கால் ஃப்ரீ, கை ஃப்ரீ. முதுகக் கொடுத்தாதான் ஃபினிஷ்."

"எங்க ஊர்ல மல்லாக்க விழுந்தா அசிங்கம்."

"இது உங்க ஊர் இல்லையே அக்கா."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கோ பற்றி எரிந்தது. பல்லில் மாட்டியிருந்த ரப்பரைக் கழற்றி விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் போகவில்லை. என் தமிழையே பேசுகிறவள், என்னைவிடச் சின்னவள், நீ கற்றதெல்லாம் இங்கே செல்லாது என்கிறாள். அதைவிடப் பெரிய கோபம், அவள் சொன்னது உண்மை என்பதுதான். மூன்றாவது வாரம் போனேன். இருபது நிமிஷம் மல்லாக்கப் படுக்கச் சொல்லி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். திரும்பக்கூடாது, அவ்வளவுதான் பயிற்சி. என் உடம்பு ஒவ்வொரு நொடியும் திரும்பப் பார்த்தது. விளக்கைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன். வியர்வை என்று அவள் நினைத்திருக்கலாம். மாதக்கணக்கில் அப்படிப் படுத்த பிறகுதான் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தாள்.

டாக்டர் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்ட அதே வாரம் கார்த்தி ஆபீஸிலிருந்து முகம் செத்துப்போய் வந்தார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

"இந்த ஒரு ஃபைட்டோட நிறுத்திக்கலாமே" என்றார்.

"உங்கள ஒருத்தன் தப்பா நெனச்சதுக்கு நான் நிறுத்தணுமாங்க?"

அவர் ஆபீஸ் பையைக் கீழே வைத்தார். "அது சாக்கு. நீ அடி வாங்குறத என்னால பாக்க முடியல. அதான் நெஜம்."

அந்தப் பதிலுக்குக் கோபப்படவும் முடியாமல் போனது. சரி, ஒன்றே ஒன்று என்று ஒத்துக்கொண்டேன். ஆக, அந்த ஒன்றில் ஜெயித்தே ஆக வேண்டும். வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று கார்த்தியிடம் சொல்லி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் போட்டி. எதிரில் வேறொரு கூடத்தைச் சேர்ந்த சீனப் பெண், என் உயரம், நல்ல கைவீச்சு. முதல் ரவுண்டில் அவளை இரண்டு தடவை அலாக்காகத் தூக்கிப் போட்டேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய என் உடம்பே திரும்பி வந்தது போலிருந்தது. இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவள் அதைக் கண்டுகொண்டாள். இடுப்பைக் கொடுத்து என்னை வீசினாள். மல்லாக்க விழுந்தேன், இரண்டு தோளும் பட்டன. மேலே ஏறிக் குத்த ஆரம்பித்தாள். புரளு கண்ணு என்கிற குரல் எனக்குள்ளிருந்துதான் கேட்டது. வலது தோள் தானாக எழும்பியது. அப்போது கம்பி வலைக்கு வெளியே இன்னொரு குரல். "திரும்பாத! அப்படியே இரு!" ஷாமினி இல்லை, கார்த்தி. யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். நான் தோளைக் கீழே வைத்தேன். மூக்கில் ஒரு குத்து, கன்னத்தில் ஒன்று. மூன்றாவதற்கு அவள் கையை நீட்டியபோது அந்தக் கையையும் கழுத்தையும் சேர்த்து என் தொடைகளுக்குள் பூட்டினேன். இறுக்கினேன். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் காலைத் தட்டினாள். நடுவர் பிரித்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

வீடியோ அன்றைக்கே அப்பாவுக்குப் போனது. பார்த்ததற்கான நீல டிக்கும் வந்தது. போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். லீவு நாள் ஆனதால் தங்கும் விடுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நடைபாதை முழுக்க நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஊருக்குப் போன் போட்டேன்.

"பாத்தேங் கண்ணு. ரெண்டு தடவ பாத்தேன்" என்றார் அப்பா. "மொதல்ல அந்தப் புள்ளையத் தூக்கிப் போட்ட பாரு, ஜோர். அப்புறம் ஏஞ் சாமி படுத்துட்ட?"

"இங்க அப்படிப் படுத்துக்கிட்டே சண்ட போடலாம்ப்பா. கடைசில கையத் தூக்குனாங்களே, பாத்தீங்களா? நான்தான் ஜெயிச்சேன்."

"சரி கண்ணு. ஜெயிச்சதா அவங்க சொல்றாங்க." இருமினார். "ஆனா ரெண்டு தோளும் பட்டுருச்சே. நல்லா அழுந்தப் பட்டுருச்சு." பிறகு சொன்னார்: "பட்டறையில கேட்டாங்க. வீடியோ தொறக்க மாட்டேங்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

போனை வைத்த பிறகு எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பாமேல் முடியவில்லை. எட்டு வருஷமாக என் முதுகை அவர்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது. கார்த்தி என் போனை வாங்கினார்.

"மொத ரவுண்டு மட்டும் கட் பண்ணி அனுப்பலாம். கடைசில கை தூக்குறத அதோட ஒட்டிடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஒட்டாதீங்க" என்றேன். "நடக்காதத நடந்ததாக் காட்டுனா அந்த சேலத்து நடுவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ஆனால் வெட்டினேன். நானே வெட்டினேன். முதல் ரவுண்டின் மணி அடிக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, அதற்குப் பிறகு வருவதையெல்லாம் எடுத்துவிட்டு அப்பாவுக்கு அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது கார்த்தி, ஷாமினி அடுத்த போட்டிக்கு ஏதாவது தேதி சொன்னாளா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். கேட்டு வை என்றார்.

திங்கட்கிழமை மதியம், துவாஸில் சாப்பாட்டு இடைவேளையில், அப்பாவே கூப்பிட்டார். பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம். இரு கண்ணு என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் பேச ஆரம்பித்தார். வீடியோ வேறு யாருடைய போனிலோ ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா தூக்கறத. மறுக்கா போடு. என்ற பொண்ணு. இன்னைக்கு வரைக்கும் முதுகு தரையில படல."

"கடைசில ஜெயிச்சுதுங்களாண்ணா?" என்று ஒரு குரல் கேட்டது.

"பின்ன?" என்றார் அப்பா.

அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்கள். மணிச் சத்தம் வரைக்கும் எனக்குக் கேட்டது. அவர்கள் பார்க்கிறதில் என் கையை யாரும் தூக்குவதில்லை. கையைத் தூக்குகிற பாதி என் போனில் இருக்கிறது, துவாஸில், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில்.