உள்ளங்கைச் சூடு

இல்லை, எங்களிடம் ரேவதி மேடம் சொல்லவே இல்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்றுதான் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தம்பி போன் செய்து, "அக்கா போயிட்டாங்க" என்றபோதுதான் நோய் என்ற ஒன்று இருந்ததே தெரிந்தது.

ரேவதி மேடம் தருமபுரிக்கு வெளியே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவீட்டுப் பொறியாளர். இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அளவீட்டு அறையில் மொத்தமே இரண்டு பேர். அவரும் நானும்.

நான் சேர்ந்தது வெயில் காலத்தில். மெஷின் ஆட்கள் ஒரே ஒரு புஷ்ஷை, நடுவில் துளையுள்ள சிறு இரும்பு உருளையை, எடுத்துக்கொண்டு அளக்க வந்ததாகச் சொல்லி உள்ளே நிற்பார்கள். மேடம் விரட்ட மாட்டார். "இரும்புக்குப் போட்ட ஏசிங்க இது. நாமெல்லாம் ஒண்ட வந்தவங்க" என்பார்.

சூட்டில் இரும்பு விரியும். பள்ளிப் பாடம். எங்கள் அறையில் அதுதான் முழு வேலையும். வந்த பாகம் கருங்கல் மேசையில் ஆறும்வரை தொட மாட்டோம். துளை அளக்கும் கருவிக்குச் சரியான அளவைக் காட்டும் மாஸ்டர் வளையத்தை வெறுங்கையால் எடுக்க மாட்டோம்; கைச்சூட்டில் அதுவும் விரியும்.

போன ஆடியில் ஒருநாள், மாதையன் அண்ணன் மெஷினில் கடைந்த புஷ்கள் எல்லாவற்றிலும் துளை சிறியதாக இருந்தது. அளந்தவர் மேடம். அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளி. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அண்ணன் எங்கள் கதவருகே வந்து, மெஷினில் தான் எதையும் மாற்றவில்லை என்றார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று திரும்பிப் போனார்.

மேடம் சிறிது நேரம் கதவையே பார்த்தார். வளையத்தை ஆற வைத்தார். கருவியை மறுபடி சரிசெய்து அளந்தார். எல்லாம் சரியான அளவு.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மேடம் சூப்பர்வைசரிடம் சொன்னார்: "தப்பு என்னுதுங்க. போன் பேசிக்கிட்டே மாஸ்டர் ரிங்கைக் கையிலயே வெச்சிருந்தேன். சூடேறிடுச்சு. அதை வெச்சு செட் பண்ணதுல எல்லாம் சின்னதாக் காட்டிடுச்சு. மாதையன் மேல ஒண்ணுமில்லைங்க."

"மேடமே ரிஜெக்ட்டு" என்றார் ஒருவர். சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். மறுநாள் அண்ணன் வேலைக்கு வந்தார்.

அப்படி யாருடைய போன் என்று கேட்டேன். "வூட்லருந்துதாம்மா" என்றார். விட்டுவிட்டேன்.

இண்டூரில், துக்க வீட்டில், தம்பி சொன்னார்: அந்தப் போன் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பரிசோதனை முடிவைப் போனிலேயே சொல்லியிருக்கிறார்கள். கையில் வளையத்தோடு கேட்டதையும், அதனால் ஒருவருக்கு வேலை போகப் பார்த்ததையும் அன்று மாலை வீட்டில் சொன்னாராம். வளையத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினாராம்.

மாதையன் அண்ணனும் வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கே இதையும் சொல்லியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டோம்" என்றார்.

மேடத்தைக் கிடத்தியிருந்தார்கள். கைகள் மார்பின் மேல். கடைசியாக ஒருமுறை தொட்டேன். எங்கள் அளவீட்டு அறையின் குளிர்.

போய் வாருங்கள், மேடம்.

மறுநாள் காலை செல்போனை வெளியே அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கையுறை போட்டுக்கொண்டேன். வளையத்தை வைத்துக் கருவியைச் சரிசெய்தேன். முதல் புஷ்ஷை அளந்தேன்.