இடுப்பில் கட்டிய மிதப்புக் கட்டை

எனக்கும் என் தங்கை புருஷனுக்கும் ஒரே நோய். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். எழுபதுகளில் சதுரங்கப்பட்டினத்துக் கரையில் கட்டுமரம் தள்ளிய பலருக்கு இது இருந்தது. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவன் திறந்தான். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனும் செய்துகொண்டான்.

எங்கள் மரத்தில் அவன்தான் அணியத்தில், அதாவது முன்னால், நிற்பவன். அலை மடங்குவதைப் பார்த்து அவன் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் தள்ளுவோம். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அந்த இடம் எனக்கு வந்தது. பல வருஷமாக அதன் மேல் எனக்குக் கண். வந்ததை விடுவேனா?

அவனோ வீட்டில் ராஜா மாதிரி படுத்திருந்தான். என் தங்கை சுறாப்புட்டு செய்து ஊட்டாத குறை. ஊரே வந்து விசாரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதே வீக்கம் எனக்கும்தான் இருக்கிறது, என்னை எந்த நாய் கேட்டது? நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். சொன்னால் நானும் மூன்று மாதம் படுக்க வேண்டும், அதற்குள் அவன் எழுந்து வந்து அணியத்தைப் பிடித்துக்கொள்வான்.

அதனால் வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டை ஒன்றைத் தேய்த்து, வீக்கத்தின் மேல் வைத்து, வலைக்கயிற்றால் இடுப்போடு இறுக்கினேன். பெண்டாட்டியிடம் இடுப்புப் பிடிப்பு என்றேன்.

அவனுடைய மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. காலையில் கரைக்கு வந்து நின்றான். நன்றாகப் பார்க்கட்டும் என்று, குரல் கொடுத்ததோடு நிற்காமல் நானும் மூச்சைப் பிடித்து மரத்தைத் தள்ளினேன். வீக்கம் கட்டைக்கு அடியில் பிதுங்கியது, உள்ளே போகவே இல்லை. மணலில் விழுந்து வாந்தி எடுத்தேன். அவன்தான் ஓடிவந்து வேட்டியை விலக்கிப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது? வலைக்குக் கட்டுறத ஒடம்புல கட்டிகினு கீற!"

கயிற்றை அறுத்து, என்னைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றி, செங்கல்பட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்து, இனி சாப்பிடலாம் என்று சொன்ன கையோடு டாக்டர் திட்டினார். "வயித்துச் சுவர்ல ஓட்டை. அது வழியாத்தான் குடல் இறங்குது. தைச்சாத்தான் மூடும், கட்டினா மூடாது. இறங்கின குடல் மேல கட்டைய வெச்சு அழுத்தினா ரத்தம் ஓடாம அழுகிடும். ஒரு சாண் கறுத்துப்போச்சு, வெட்டி எடுத்துட்டேன். இன்னும் மூணு மாசத்துக்கு மரத்தைத் தொடாதே."

அவ்வளவுதான், அணியம் போயிற்று என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு மூஞ்ச திருப்பிக்கினு கீற? அணியம் ஒன்னுதுதான். நீ ஏந்து வர்ற வரிக்கும் நான் பாத்துக்கிறேன், வந்து வாங்கிக்கோ."

ஒரு சுளையை என் வாயில் வைத்தான். மென்றுகொண்டே அவன்மேல் பொறாமைப்பட்டேன். அவன் படுத்துக் கிடந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட, அணியம் உன்னுடையதுதான் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.