மண்டபத்தில் அடைத்து வைத்த ஓட்டு

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கூட்டணி ஆட்சியைப் பற்றிப் பாடமும் எடுத்திருக்கிறேன். அந்தப் படிப்பை நம்பித்தானோ என்னவோ, கட்சி என்னைக் காவலுக்கு வைத்தது.

ஊராட்சி ஒன்றியத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். இரண்டு கூட்டணியும் ஏறக்குறையச் சமம். எதிரணி யாரையும் இழுத்துவிடாதபடி எங்கள் பக்கத்து உறுப்பினர்களைச் சங்ககிரியில், லாரிப் பட்டறைகளுக்குப் பின்னாலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தோம். கேட்டுக்குப் பூட்டு. எல்லோருடைய போனும் என் துணிப்பையில்.

அவர்களில் ஒரு பெண் என் ஊர். எங்கள் காட்டில் களையெடுக்கக் கூலிக்கு வந்த குடும்பம். கூட்டணியிலிருந்த சின்னக் கட்சியில் நின்று ஜெயித்தவர். காலையில் எங்கள் ஆள் தலைவராக அவர் ஓட்டு, மதியம் அவர் துணைத்தலைவராக எங்கள் ஓட்டு. அவர் வீட்டுக்கே போய் அந்த வாக்கைக் கொடுத்தவன் நான்.

பெண்களுக்கு மணமகள் அறை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், என்ற கல்யாணத்துக்கே இப்படி ஒரு ரூம்பு கெடைக்கல. முகூர்த்தம் எப்பங்க?"

"நாளைக்குக் காலையில அம்மிணி."

சிரித்தார்.

அன்று மாலை எங்கள் கட்சியின் மாவட்ட நிர்வாகி கூப்பிட்டார். துணைத்தலைவர் பதவியை வேறொரு கூட்டணிக் கட்சிக்கு மேலிடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். "ஓட்டுப் போடற வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." சரி என்றேன்.

சிறிது நேரத்தில் துணிப்பைக்குள் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. அவர் கணவர்.

"இவளுக்குப் பதவி இல்லைன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க சார். நெசமுங்களா?"

"வெறும் புரளி. நிம்மதியாத் தூங்குப்பா."

மணமகள் அறைக் கதவு திறந்தது. "ஆருங்க சார் போன்ல?"

"கட்சி ஆபீசு" என்றேன்.

மறுநாள் காலை எங்கள் ஆள் ஒரே ஓட்டில் ஜெயித்தார். மதியம், துணைத்தலைவருக்கு நிற்பவரை வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டணியில் பிணக்கில்லை என்று காட்ட, அந்தக் கையெழுத்தை அந்தப் பெண்ணே போட வேண்டுமாம். காகிதத்தையும் என்னிடமே கொடுத்தனுப்பினார்கள்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "நேத்தே தெரியுமுங்களா?"

தலையசைத்தேன்.

"அப்ப என்ற போன்ல வந்தது எங்கூட்டுக்காரரு." பேனாவை வாங்கிக்கொண்டார். "கட்சி ஆபீசுன்னீங்க."

கையெழுத்துப் போட்டார். அவர் கட்சித் தலைமையும் ஒப்புக்கொண்டுவிட்டது. மறுத்தால் அவருக்குப் போக இடமில்லை. எனக்கும் வேறு வழியில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் என் கட்சிப் பதவி போயிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது மறுபடியும் தேர்தல். அதே கூட்டணி. "அந்தம்மா உங்க பேச்சைத்தான் கேக்கும்" என்று என்னையே அனுப்பினார்கள். முடியாது என்று சொல்ல இந்த வயதிலும் எனக்கு வாய் வரவில்லை. போனேன்.

வாசலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உள்ளேயிருந்து அவர் கணவர், "ஆரு வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"கட்சி ஆபீசுங்க" என்றார் அவர்.

நான் உட்கார்ந்தேன்.