கருப்பசாமி மேட்டில் ஒரு டர்போ

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி சுடலைமுத்து அண்ணாச்சி சங்கரன்கோவிலில் இருந்த என் ஒர்க்‌ஷாப்புக்குள் பிக்கப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் பானெட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அவர் கைதான் வலித்திருக்கும். அது அந்தக் காலத்து அமெரிக்கத் தகடு.

“நேத்தும் ஏலம் முடிஞ்ச பெறவுதான்வே போய்ச் சேர்ந்தேன். மேட்டுல என்னைய ஒருத்தன் சைக்கிள்ல தாண்டிப் போறான்.”

“மேட்டுல சைக்கிள் மிதிச்சானா அண்ணாச்சி?”

“மிதிக்கலவே, உருட்டிக்கிட்டுப் போனான். இன்னும் ஒரு நா பிந்துனா மூட்டையை இறக்க வேண்டாம்னு புனலூர் மண்டிக்காரரு சொல்லிட்டாரு. இந்த மண்டி போச்சுன்னா நான் யாவாரத்தையே மூட வேண்டியதுதான்.”

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து அண்ணாச்சியின் அப்பா வாங்கிய வண்டி அது. பெட்ரோலைக் கோயில் யானை தண்ணீர் குடிப்பது போலக் குடித்தது. முந்தின வருஷம்தான் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு, புத்தம் புது நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை ஏற்றினேன். சமவெளியில் நன்றாகவே ஓடியது. செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போதுதான், முழு லோடில், ஃபர்ஸ்ட் கியரில் முனக ஆரம்பித்தது.

“டர்போ போட்டுருவோம்” என்றேன். அதுவரை நான் டர்போவைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். இதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

பொருத்திய கதை

வெளிநாட்டு ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன டர்போ, கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கூடவே கிழிந்த ஒரு கையேடு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். வாழ்க்கையில் நான் அத்தனை கவனமாகப் படித்த ஆங்கில நூல் வேறில்லை. கதாநாயகி இல்லாத குறையே தெரியவில்லை.

விஷயம் எளிது. எக்ஸாஸ்ட் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் டீசல் கொடுத்தால் கூடுதல் இழுவை. டர்போவை எஞ்சினோடு இணைக்க லேத்தில் ஃபிளேஞ்ச் கடைந்தேன். ஆயில் பிரஷர் பாயிண்ட்டில் ‘டி’ ஜாயிண்ட் போட்டு டர்போவுக்கு ஒரு லைன் கொடுத்தேன். திரும்பி வரும் ஆயிலுக்கு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஓட்டை போட்டு பைப்பை வெல்டு வைத்தேன். ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. அண்ணாச்சியின் டிரைவர் சண்முகையா காதைப் பொத்திக்கொண்டு, “குக்கர் மாதிரில்லா கத்துது!” என்றார்.

கையேட்டில் ஒரு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மேடேறி வந்தவுடனே எஞ்சினை அணைக்கக் கூடாது. டர்போவின் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் ஆயில் வராது. ஆனால் பழுக்கக் காய்ந்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பேரிங் கருகிவிடும். இரண்டு நிமிஷமாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட வேண்டும்.

இதை சண்முகையாவுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினேன். டாஷ்போர்டில், இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பர் குமிழுக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில் ‘இரண்டு நிமிஷம்’ என்றும் எழுதினேன். அப்படியும் அவர் கையை நம்பாமல், முதல் லோடுக்கு நானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி நடுவில். சண்முகையா ஜன்னலோரம், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் போல.

மேடு

புளியரை தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. செகண்ட் கியரில் மிதித்தேன். விசில் எழுந்தது. வண்டி நிமிர்ந்தது. தேர்டு போட்டேன், அப்போதும் இழுத்தது! முன்னால் போன மர லாரியைத் தாண்டினோம்.

“அடிச்சுத் தூக்குதே! ஏறிட்டு, ஏறிட்டு!” என்று அண்ணாச்சி என் தொடையில் அடித்தார். சண்முகையா ஜன்னலில் தலையை நீட்டி, அந்த லாரி டிரைவரிடம், “மண்டியில பாப்போம் மாப்ளே!” என்று கத்தினார்.

மேட்டின் உச்சியில் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில். எந்த வண்டியும் அங்கே நிற்காமல் மலை இறங்காது. நிற்கிற வண்டி எஞ்சினை அணைக்காமல் இருக்காது; சாமி முன்னால் உறுமிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. நிறுத்தினேன். இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் டர்போ மட்டும் ‘ஸ்ஸ்...’ என்று தனியாகச் சுற்றியது. ஸ்டாப்பரை இழுத்தது யார் என்று சண்முகையாவைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருந்தன. குமிழ் என் வலது கையில் இருந்தது.

“ரெண்டு நிமிஷம்னு எழுதியிருக்கே,” என்றார் சண்முகையா என்னிடம் பணிவாக. “எழுத்துக் கூட்டி வாசிக்கட்டுமா?”

உடனே ஸ்டார்ட் பண்ணினால் பிழைக்கும். குமிழை உள்ளே தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினேன். செல்ஃப் மோட்டார் ‘டொக்’ என்றது. மறுபடியும் ‘டொக்’. வேறொன்றும் இல்லை.

“தள்ளுங்க!”

“ஏலம் போச்சாவே?” என்றார் அண்ணாச்சி.

“டர்போவே போகுது அண்ணாச்சி, தள்ளுங்க!”

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். சண்முகையா தோள் கொடுத்தார். பூசாரி விபூதித் தட்டைத் திண்டில் வைத்துவிட்டு ஓடிவந்து கை வைத்தார். பத்தடிதான். அதற்கப்புறம் கேரளாப் பக்கத்து இறக்கம் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டது. செகண்டில் கிளட்சை விட்டேன். ஒரு உதறு. கரும்புகை. எஞ்சின் பிடித்தது!

ஓரம் கட்டி, ஐடிலில் விட்டு, அவர்கள் ஓடிவருவதற்குள் முழுதாக இரண்டு நிமிஷம் எண்ணினேன். பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். விசில் வந்தது. எனக்குக் கண் கலங்கிய பழியைப் புகையின் மேல் போட்டேன்.

டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல் கொஞ்சம் அடிபட்டிருந்தது. வழியெல்லாம் நீலப் புகை விட்டுக்கொண்டே போனோம். ஆனால் புனலூர் மண்டியில் நாங்கள் மூட்டை இறக்கி முடித்த பிறகுதான் ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். மண்டிக்காரர் அண்ணாச்சியைப் பார்த்து, “நேத்தே கிளம்பிட்டீரோ?” என்றார். அண்ணாச்சி ஒரு கலர் சோடா வாங்கி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் சிவப்புப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன். சீலை மாற்றினேன், செல்ஃப் மோட்டாரைச் சரி பார்த்தேன். ஸ்டாப்பர் கம்பியைக் கழற்றி, பானெட்டுக்கு உள்ளே, டீசல் பம்ப்புக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். எஞ்சினை அணைக்க வேண்டும் என்றால் இறங்கி, சுற்றி வந்து, அந்த அமெரிக்கத் தகட்டை மல்லுக்கட்டித் தூக்க வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்துக்குக் குறைந்து யாராலும் முடியவில்லை.

“அப்ப சாமி முன்னால உறுமிக்கிட்டேல்லா நிக்கும்?” என்றார் சண்முகையா கவலையாக.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வண்டியில் புதிதாக எதைப் பொருத்தினாலும், பழகிய கை எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். முக்கியமாக, உங்கள் கை. அதற்குப் புத்தி சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். கம்பியை இடம் மாற்றுங்கள்.

சண்முகையாவின் கவலையை அண்ணாச்சியே தீர்த்து வைத்தார். “கருப்பன் வேட்டைக்குப் போற சாமிலே. அவரு குதிரை மட்டும் கனைக்காமலா நிக்கும்?”